ஒடிந்த சைலன்சர் ஸ்டட்டும் வழுக்கிய திருகுகளும்: ஒரு நூறு சிசி எஞ்சின் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி நூறு சிசி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அதன் உரிமையாளர் உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பயிரிடும் விவசாயி. விடியுமுன் பறித்த மொட்டுகளைக் கட்டி மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவதும், திரும்பும்போது யூரியா மூட்டையையோ பூச்சிமருந்தையோ ஏற்றிக்கொண்டு போவதும் அந்த வண்டியின் அன்றாட வேலை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வருகிறது, ஆயில் குறைகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது என்று மூன்று குறைகளைச் சொல்லி, ஜெய்ஹிந்துபுரத்தில் உள்ள எங்கள் பட்டறையில் அவர் வண்டியை விட்டார். முதல் இரண்டும் வால்வு சீலும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்ததன் அடையாளங்கள். மூன்றாவது, சைலன்சரின் வளைந்த குழாயான பெண்டு, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு சேரும் வாயில் கசிவு இருப்பதன் அடையாளம். அந்த இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் தீப்பிடிப்பதால்தான் அந்த வெடிச்சத்தம் வருகிறது.

ரிங் மாற்றுவதும் வால்வு சீல் போடுவதும் எந்தப் பட்டறையும் நாள்தோறும் செய்யும் வேலைகள். அவற்றைப் பற்றி இங்கே எழுத வேண்டிய தேவை இல்லை. இந்த எஞ்சினில் நேரத்தையும் கவனத்தையும் கேட்டவை ஹெட்டுக்குள் ஒடிந்து நின்ற ஒரு 6 மி.மீ. ஸ்டட்டும் (தலை இல்லாமல் இரு முனையிலும் மரை உள்ள போல்ட்), தலை வழுக்கிப்போன சில திருகுகளும்தான். ஒடிந்த போல்ட்டை எடுக்கப் பல வழிகள் உண்டு என்பது தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அவற்றை எந்த வரிசையில் கையாள்வது என்பதில்தான் ஹெட் பிழைப்பதும் பாழாவதும் இருக்கிறது. ஒரு வழி தோற்றுப்போனால் அடுத்த வழிக்கு இடம் மிச்சம் இருக்குமா என்ற கேள்வியை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டே இந்த வேலையைச் செய்தோம். முன்னதாக வேறோர் இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கை வைத்ததன் விளைவு ஹெட்டிலேயே தெரிந்தது.

வண்டி வந்த நிலை

சைலன்சரைப் பிடிக்கும் இரண்டு ஸ்டட்டுகளில் ஒன்றுதான் முழுதாக இருந்தது. மற்றது ஹெட்டின் முகத்தோடு முகமாக ஒடிந்திருந்தது. பெண்டைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி, வாயைச் சுற்றி எம்-சீல் அப்பியிருந்தார்கள். எம்-சீல் எண்ணெய்க் கசிவுக்கு ஒருவேளை தாங்கும். புகைவாயின் சூட்டுக்குத் தாங்காது. அது கருகிப் பொரிந்து கையோடு உதிர்ந்தது. அதைச் சுரண்டி எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது உண்மை நிலை தெரிந்தது. ஒடிந்த ஸ்டட்டின் நடுவில் துளை போட முயன்றிருக்கிறார்கள். டிரில் ஒரு பக்கமாக நழுவி, ஸ்டட்டின் விளிம்பைத் தாண்டி அலுமினியத்தையும் கொஞ்சம் தின்றிருக்கிறது. அந்தத் துளைக்குள், ஒடிந்த போல்ட்டைக் கழற்றும் கருவியான ஈஸி அவுட்டைச் செருகித் திருகியதில் அதுவும் ஒடிந்து, நுனி உள்ளேயே நின்றுவிட்டது.

ஈஸி அவுட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒடிந்த போல்ட் என்றதும் நம் ஊர்ப் பட்டறைகளில் கை முதலில் போவது அதை நோக்கித்தான். அது கூம்பு வடிவில், இடப்பக்கம் சுற்றிய பள்ளங்களோடு செய்யப்பட்டது. இடப்பக்கம் திருகத் திருக உள்ளே இறங்கிக் கடிக்கும். ஆனால் கூம்பு உள்ளே இறங்கினால் ஆப்பைப் போல வேலை செய்யும் என்பதை மறந்துவிடுகிறோம். 6 மி.மீ. ஸ்டட்டில் 3 மி.மீ. துளை போட்டால் சுற்றிலும் ஒன்றரை மி.மீ. சுவர்தான் மிச்சம், அதிலும் மரையின் ஆழத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு மி.மீ. அளவுக்குக்கூட வராது. அந்த மெல்லிய சுவரை உள்ளிருந்து ஆப்பு விரிக்கும்போது ஸ்டட் அலுமினியத்தின் மீது மேலும் இறுகுகிறது. திருகும் விசை கூடக் கூட இறுக்கமும் கூடுகிறது. ஈஸி அவுட் கடினப்படுத்திய எஃகு என்பதால் வளையாது; தாங்கும் எல்லையைத் தாண்டினால் பட்டென்று ஒடியும். ஒடிந்த பிறகு சாதாரண ஹைஸ்பீடு டிரில் அதன் மேல் வழுக்கி, பக்கத்தில் உள்ள மெதுவான அலுமினியத்துக்குள் ஓடும். ஆகவே துருவால் இறுகிய ஸ்டட்டுக்கு ஈஸி அவுட் முதல் கருவி அல்ல; மரை இறுகாமல், வெறும் அதிகப்படித் திருகலால் தலை மட்டும் ஒடிந்த போல்ட்டுக்கு அது நல்ல கருவி. அப்படிப்பட்ட போல்ட் பெரும்பாலும் இடப்பக்கம் சுழலும் இடக்கை டிரில் பிட்டைத் துளைக்க விட்டாலே அதன் சுழற்சியோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இந்த ஸ்டட் ஏன் இப்படி இறுகியது என்பதற்கு வண்டியின் வாழ்க்கையே விடை. எஃகும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு நடக்கும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரையின் இடுக்குகளை நிரப்பிவிடும். உர மூட்டையில் இருந்து சிந்தும் உப்பும், தோட்டத்துச் சேறும், அதன்மேல் எஞ்சின் சூடும் சேர்ந்தால் அந்த வேலை விரைவாகவே நடக்கும். எம்-சீலைச் சுரண்டியபோது ஸ்டட்டைச் சுற்றி அந்த வெள்ளைப் பொடி வளையமாகத் தெரிந்தது.

உரிமையாளரை அழைத்து ஹெட்டைக் காட்டினோம். "புது ஹெட்டே வாங்கிப் போட்டுறலாமா தம்பி? சும்மா நோண்டிக்கிட்டு இருந்தா பூ சீசன் போயிரும்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஹெட்டில் வால்வு உட்காரும் வளையமான சீட்டும் வால்வு ஓடும் குழலான கைடும் நல்ல நிலையில் இருந்தன, கேம் ஷாஃப்ட் உட்காரும் இடத்தில் தேய்மானம் இல்லை, விரிசலும் இல்லை. கம்பெனி ஹெட்டின் வார்ப்புத் தரத்தைச் சந்தையில் கிடைக்கும் எல்லா மாற்று ஹெட்டிலும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே, "அய்யா, வெல்டிங்குக்குப் பிடி கொடுத்தா இதையே சரிபண்ணிரலாம், பிடி கொடுக்கலேன்னா அப்ப ஹெட்டு வாங்குவோம்" என்று சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டோம்.

தலை வழுக்கிய திருகுகள்

ஹெட்டைத் தொடுவதற்கு முன் எஞ்சினின் பக்கவாட்டு வேலைகளை முடித்தோம். கிளட்ச் கவரின் போல்ட்டுகளில் ஒன்றின் 8 மி.மீ. தலை முற்றிலும் உருண்டிருந்தது. அங்குல அளவில் 5/16 சாக்கெட்டின் வாய் 7.94 மி.மீ.; அதை அந்தத் தலையின் மேல் சுத்தியலால் தட்டி ஏற்றினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படியே கழன்றது.

கவரைத் திறந்த பின் வந்ததுதான் கடினமான இடம். இந்த வகை எஞ்சினில், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கின் முனையில் ஆயில் ரோட்டர் சுழல்கிறது. ஆயிலில் உள்ள தூசியை வெளிவிளிம்புக்கு வீசி ஒதுக்குவது அதன் வேலை. அதன் மூடியைப் பிடித்திருந்த குறுக்குவெட்டுத் தலைத் திருகுகளில் இரண்டு வழுக்கிப்போயிருந்தன. முந்தைய சர்வீஸ் எதிலோ பொருந்தாத திருப்புளி போட்டுத் திருகியதன் தடம் அவற்றில் இருந்தது.

நாம் கடையில் வாங்கும் ஸ்டார் திருப்புளி பெரும்பாலும் பிலிப்ஸ் வடிவம். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்றது. 1980-களில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டோடு இந்தியாவுக்கு வந்த நூறு சிசி வண்டிகளில் உள்ள திருகுகள் ஜப்பானின் ஜேஐஎஸ் தரத்தைச் சேர்ந்தவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் பள்ளத்தின் அடிவரை இறங்காது. இறக்கைகள் பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டும் பிடிக்கும். விசை கூடியதும் முனை மேலே ஏறி வெளியே வரும், வரும்போது பள்ளத்தின் சுவரைச் சீவிக்கொண்டு வரும். ஜேஐஎஸ் திருகின் தலையில் பல நேரங்களில் ஒரு சிறு புள்ளி அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்ததும் பிலிப்ஸைக் கீழே வைத்துவிட வேண்டும். ஜேஐஎஸ் பிட் கைக்குக் கிடைக்காத இடத்தில், பிலிப்ஸ் முனையின் கூர்நுனியை அரை மி.மீ. அளவுக்குக் கிரைண்டரில் தட்டையாக்கினால் அது அடிவரை இறங்கும். முப்பது ரூபாய்த் திருப்புளிக்குச் செய்யும் இந்தச் சின்ன வேலை எத்தனையோ திருகுகளைக் காப்பாற்றும்.

எங்களிடம் வேலை பழகும் பையன், சுத்தியலால் அடித்தால் திருகும் இம்பாக்ட் டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணே, இதை வச்சு நாலு போடு போட்டா வந்துரும்ல?" என்று கேட்டான். கிராங்க்கேஸில் பூட்டிய திருகாக இருந்தால் அவன் சொன்னது சரி; மேக்னட் பக்கத்தில் ஸ்டேட்டர் பிளேட்டைப் பிடித்திருந்த திருகுகளை அதே கருவியால்தான் கழற்றினோம். ஆனால் ரோட்டர் இருப்பது கிராங்க்கின் முனையில். அங்கே விழும் அடி நேராக கிராங்க்கின் நீளவாட்டில் இறங்கி பேரிங்கைத் தாக்கும். இந்த எஞ்சின்களின் கிராங்க், பின்னோடு அழுத்திச் சேர்த்த இரண்டு வட்டுகளால் ஆனது என்பதால் அடி பலமாக விழுந்தால் அதன் நேரும் கெடலாம். திருகு கழன்று கிராங்க் நேர் தவறினால் நமக்கு லாபம் இல்லை.

ஆகவே வால்வு தேய்க்கப் பயன்படும் கிரைண்டிங் பேஸ்ட்டை ஜேஐஎஸ் பிட்டின் முனையில் தடவினோம். அதில் உள்ள மணிகள் பிட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே கடித்துப் பிடிமானத்தைக் கூட்டும். அதற்கு முன் ரோட்டரின் நடுவில் உள்ள எண்ணெய்த் துளையை கிரீஸ் தடவிய துணியால் இறுக அடைத்தோம். அந்த வழியாக உள்ளே போகும் பேஸ்ட்டோ உலோகத் துகளோ நேராக கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங்கில்தான் போய் நிற்கும். ஒரு திருகு பேஸ்ட்டுக்கே இணங்கியது. மற்றதன் பள்ளத்தில் பிடிப்பதற்குச் சுவரே இல்லை. அதன் தலையின் விளிம்பில் கூரான உளியால் சிறு வெட்டு ஒன்று ஏற்படுத்தி, அந்த வெட்டில் பஞ்ச் எனும் எஃகு முளையைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் பக்கவாட்டாகச் சிறுசிறு அடியாகத் தட்டினோம். இப்படிப் பக்கவாட்டில் தட்டினால் அடி கிராங்க்கின் நீளவாட்டில் போகாது. ஒரு கையால் ரோட்டரை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். கொஞ்ச நேரத்தில் தலை நகரத் தொடங்கியது.

அதுவும் முடியாமல் போயிருந்தால் தலையை மட்டும் டிரில்லால் சீவி எடுத்திருப்போம். மூடியைப் பிடித்து இழுக்கும் விசை தலைக்கும் மரைக்கும் நடுவே இருப்பது. தலை போனதும் அந்த இழுவை போய்விடும். மூடியை எடுத்த பின் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகினாலே பெரும்பாலும் வந்துவிடும். கவர் திருகுகளுக்கு இந்த வழி மிக நல்லது. ரோட்டரில் துகள் விழும் ஆபத்து இருப்பதால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்தோம்.

ஒடிந்த ஸ்டட்: வழிகளை எடைபோடுதல்

ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை எடுத்து, மேசையில் வைஸில் கட்டினோம். எஞ்சினோடு இருக்கும்போதே முயல்வதைவிட இது எல்லா வகையிலும் மேல்: கோணம் நேராகக் கிடைக்கும், துகள் உள்ளே விழாது, வெல்டிங் கரண்ட் பேரிங் வழியாகவோ தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி வழியாகவோ பாயாது.

துரு எண்ணெய் ஊற்றி ஊறவைப்பது முதல் படி. ஆனால் இங்கே ஈஸி அவுட் ஸ்டட்டை விரித்துவைத்திருந்ததால் எண்ணெய் மட்டும் வேலைக்காகாது என்பது தெரிந்ததே. ஆயினும் இரவு முழுக்க ஊறவிட்டோம். அதனால் கெடுவது எதுவும் இல்லை, அடுத்த வழியையும் அது அடைக்காது.

அடுத்தது சூடு. எஃகைவிட அலுமினியம் சூட்டில் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 6 மி.மீ. துளையில், 150 டிகிரி சூடு ஏறினால், துளை ஸ்டட்டைவிடச் சுமார் 0.01 மி.மீ. கூடுதலாக விரியும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவுதான். ஆனாலும் மரை இடுக்கில் கெட்டிப்பட்ட அந்த வெள்ளைப் பொடியின் பிடியை உடைக்க அது உதவும். எண்ணெய் உள்ளே இறங்கவும் வழி பிறக்கும். எல்லை எதுவென்று தெரிந்துகொண்டு சூடேற்ற வேண்டும். அலுமினியம் உருகுவதற்கு முன் இரும்பைப் போலச் சிவக்காது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று தொய்ந்துவிடும். அதற்கும் முன்பே வால்வு சீட் தளர்ந்துபோகும் ஆபத்து இருக்கிறது, ஏனெனில் அது ஹெட்டில் இறுக்கப் பொருத்தத்தால் மட்டுமே நிற்பது. கேஸ் வெல்டிங் தீயை ஒரே இடத்தில் காட்டுவது ஆகாது என்பதற்கு இதுவே காரணம். ஹீட் கன்னால் பரவலாகச் சூடேற்றி, அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சொட்டு உடனே சுர்ரென்று கொதித்து வற்றினால் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. தட்டையாகப் பரவாமல் உருண்டு ஓடத் தொடங்கினால் இருநூறை நெருங்குகிறது, நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த நிலையில் உள்ளே இருக்கும் ஈஸி அவுட் நுனியைக் கரைத்து எடுக்கலாமா என்றும் யோசித்தோம். படிகாரத்தைச் சூடான தண்ணீரில் கரைத்து, அதில் எஃகை ஊறவைத்தால் எஃகு மெல்ல மெல்லக் கரையும். பித்தளையையோ அலுமினியத்தையோ அது அவ்வளவாகத் தொடாது. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் ஒடிந்த சிறு திருகுகளை இப்படித்தான் எடுப்பார்கள். கீழமாசி வீதிக்குப் போனால் படிகாரம் கிலோக் கணக்கில் கிடைக்கும். கிளட்ச் கவர் போன்ற வெறும் அலுமினியப் பாகத்துக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஹெட்டில் வால்வு சீட் இருக்கிறது, கைடு இருக்கிறது, அவையும் இரும்பு. ஹெட்டை முழுக்க அந்தக் கரைசலில் போட்டால் ஸ்டட்டோடு அவையும் அரிபடும். துளையைச் சுற்றி மெழுகால் கரை கட்டிச் சொட்டுச் சொட்டாக ஊற்றலாம்தான். அதற்குப் பல நாள் பொறுமை வேண்டும். அச்சு தயாரிக்கும் டூல் ரூம்களில் உள்ள, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் இதே வேலையைச் சுத்தமாகச் செய்துவிடும். ஒற்றை ஸ்டட்டுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கடைசி வழிகளாக ஒதுக்கி வைத்துக்கொண்டு வெல்டிங்கைத் தேர்ந்தோம். வெல்டிங் தோற்றாலும் அந்த இரண்டு வழிகளும் அப்படியே இருக்கும்.

வெல்டிங்

ஒடிந்த ஸ்டட்டின் மேல் நட்டு வைத்து வெல்டு செய்து எடுப்பது பலருக்கும் தெரிந்த முறை. இது பலிப்பதற்கு நட்டால் கிடைக்கும் பிடிமானம் மட்டும் காரணம் அல்ல. வெல்டிங் சூட்டில் ஸ்டட் செக்கச்செவேலென்று ஆகி விரிய முயல்கிறது. சுற்றியுள்ள அலுமினியம் அதை விரியவிடாமல் அமுக்குகிறது. ஆறும்போது ஸ்டட் பழைய அளவைவிடச் சற்றுச் சுருங்கிவிடுகிறது. ஈஸி அவுட்டால் விரிந்துபோன ஸ்டட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை.

எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது என்றாலும் ஆர்க் அதைக் குடைந்துவிடும். ஆகவே முதலில் ஸ்டட்டின் அளவுக்குச் சற்றுப் பெரிய துளையுள்ள தடித்த வாஷர் ஒன்றை ஹெட்டின் முகத்தில் வைத்து, அதன் துளை வழியே ஸ்டட்டின் மேல் மட்டும் மிக் வெல்டிங்கால் சிறு மேடு எழுப்பி, வாஷரோடு சேர்த்துப் பிடித்தோம். பிறகு வாஷரின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து, நட்டின் உள்துளையை வெல்டால் நிரப்பினோம். சிவப்பு மறைந்து, ஆனால் சூடு ஆறாத நிலையில் ஸ்பேனரைப் போட்டோம். போட்ட உடனே கழற்றும் பக்கமாக முழு விசையும் கொடுக்கக்கூடாது. இறுக்கும் பக்கம் ஓர் இம்மி, கழற்றும் பக்கம் ஓர் இம்மி என்று மாறிமாறி அசைத்து, இடையிடையே துரு எண்ணெய் விட வேண்டும். முதல் நட்டு வெல்டு விட்டுப்போய் கையோடு வந்தது. இது வழக்கமாக நடப்பதே; மேட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி வெல்டு வைத்தால் ஸ்டட்டுக்கு இன்னொரு முறை சூடு கிடைக்கிறது, அது நன்மைக்கே. அடுத்த முறை ஸ்டட் கிறீச்சென்ற சத்தத்தோடு நகர்ந்தது. கால் சுற்று வந்து, பழைய கோணல் துளை முடியும் இடத்தில் மறுபடி ஒடிந்தது.

வெளியே வந்த துண்டைப் பார்த்ததும் பையனின் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்தத் துண்டுக்குள் ஈஸி அவுட்டின் நுனி முழுதாக இருந்தது. டிரில்லுக்கு இணங்காத பொருள் வெளியே வந்துவிட்டது. உள்ளே மிச்சம் இருப்பது துளைக்கக்கூடிய சாதாரண ஸ்டட்டின் அடிப்பகுதி மட்டும். வேலையின் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது.

வழிகாட்டித் தகடும் ஹெலிகாயிலும்

மிஞ்சிய துண்டின் மேல்முகம் சரிவாக இருந்தது. அதில் டிரில்லை வைத்தால் முன்பு நழுவியது போலவே மறுபடி நழுவும். கே. புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத்தில் வழிகாட்டித் தகடு ஒன்று செய்து வாங்கினோம். பட்டையான எஃகுத் தகட்டில் இரண்டு துளைகள். இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சைலன்சரை ஹெட்டில் பூட்டும் தகடான ஃபிளாஞ்சில் இருந்தே எடுத்தோம். ஒரு துளை முழுதாக நிற்கும் ஸ்டட்டில் இறுக நுழையும். மற்றதில் 5 மி.மீ. உள்துளையுள்ள கடினப்படுத்திய சிறு குழலான புஷ். தகட்டை மாட்டி நட்டால் இறுக்கி, மறுபக்கத்தை கிளாம்ப்பால் பிடித்துவிட்டால், டிரில் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகும். 6 மி.மீ. மரைக்கு உள்விட்டம் சுமார் 5 மி.மீ. என்பதால் அந்த அளவுக்குத் துளைத்தால் மரையின் எஃகுச் சுருள் மட்டும் ஓட்டில் ஒட்டிய தோலாக மிஞ்ச வேண்டும்.

முதலில் 5 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. உள்துளையும் உள்ள சிறு குழாயை புஷ்ஷுக்குள் நுழைத்து 3 மி.மீ. துளை போட்டோம், பிறகு குழாயை எடுத்துவிட்டு 5 மி.மீ. டிரில்லை விட்டோம். டிரில்லின் மேல் ஒட்டும் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்திருந்தோம். அந்த இடத்தில் துளை அளவுக்கு மீறி இறங்கினால் புகைவழிக்குள் பொத்துக்கொள்ளும். துளைத்து முடித்ததும் ஊசிமுனைக் கம்பியால் முதல் சுற்றின் நுனியைக் கிளப்பி, மெல்லிய மூக்குப் பிளையரால் இழுத்தபோது மரைச் சுருள் ஸ்பிரிங் போலச் சுருண்டு வந்தது. கீழே பழைய அலுமினிய மரை பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் மேல்பகுதியில், முந்தைய கோணல் டிரில் தின்ற இடத்தில், ஒரு பக்கம் மரையே இல்லை.

இங்கே எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. மதுரைப் பக்கம் பலரும் செய்வது, துளையை 6.8 மி.மீ. ஆக்கி, மரை வெட்டும் 8 மி.மீ. டேப் போட்டு, ஒரு முனை எட்டும் மறுமுனை ஆறுமாக லேத்தில் கடைந்த படி ஸ்டட்டைப் போடுவது. சுவர் தடிமனாக உள்ள இடத்தில் அது நல்ல, மலிவான, உறுதியான வழி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த ஹெட்டில் வெளிப்பக்கச் சுவர் ஏற்கெனவே டிரில் தின்றதால் மெலிந்திருந்தது. ஆகவே குறைவாக உலோகத்தை எடுக்கும் ஹெலிகாயிலைத் தேர்ந்தோம். அது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சாய்சதுர வெட்டில் சுருட்டிச் செய்த மரை. 6 மி.மீ. அளவுக்கு 6.3 மி.மீ. துளையும், ஹெலிகாயிலுக்கென்றே வரும் தனி டேப்பும் வேண்டும். சாதாரண டேப் பொருந்தாது. டேப் போடும்போது மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று துகளை உடைத்துக்கொண்டே இறங்கினோம். அலுமினியத்தில் மரை தாங்க வேண்டுமானால் மரையின் நீளம் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். ஆகவே 9 மி.மீ. நீள ஹெலிகாயில். அதை முகத்துக்கு அரைச் சுற்றுக் கீழே இருக்கும்படி நிறுத்தி, அடியில் உள்ள நாக்கைப் பஞ்ச் கொண்டு தட்டி ஒடித்து, ஒடிந்த நாக்கைக் காந்தத்தால் தேடி எடுக்கப் பார்த்தோம். துருப்பிடிக்காத எஃகு காந்தத்துக்குச் சரியாக ஒட்டாது என்பதால் கிரீஸ் தடவிய குச்சியே கைகொடுத்தது.

பூட்டிய விதம்

ஹெட்டைப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, வால்வும் புதுச் சீலும் போட்டு எஞ்சினில் ஏற்றினோம். புது ஸ்டட்டை இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, மெல்லிய விசையில் மட்டும் உள்ளே இறக்கினோம். மரையில், அது தளராமல் பூட்டும் பசையான லாக்டைட் தடவ வேண்டாமா என்று பையன் கேட்டான். சாதாரண லாக்டைட் ஏறத்தாழ 150 டிகிரி வரைதான் பிடிக்கும்; புகைவாயில் அது கருகிப் பொடியாகி, அடுத்த முறை கழற்றுபவருக்குத் தொல்லையாகத்தான் ஆகும். அதற்குப் பதில் மரை இறுகிப்போகாமல் காக்கும், தாமிரப் பொடி கலந்த ஆன்டி சீஸ் பசையைத் தடவினோம். நட்டு பித்தளை, எஃகு ஸ்டட்டில் துருவேறிக் கெட்டியாகாது. புதுத் தாமிர வளையம் வைத்து, இரண்டு நட்டுகளையும் மாறிமாறிக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்கினோம்.

எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுவதுதான் ஒடிந்த ஸ்டட்டுகளில் பாதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். 6 மி.மீ. மரைக்குப் பொதுவாகச் சொல்லும் இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர். கையாலே தெரிந்துகொள்ள வேண்டுமானால், 20 சென்டிமீட்டர் அகலக் கைப்பிடி உள்ள டி ஸ்பேனரில் ஒவ்வொரு கையும் 5 கிலோ எடையைத் தூக்கும் விசையைக் கொடுத்தால் அதுதான் அந்த இறுக்கம். நாம் வழக்கமாகத் தோளைச் சேர்த்துக் கொடுக்கும் திருகு அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டும். டார்க் ரெஞ்ச் வாங்க முடியாத பட்டறைகூட இந்தக் கணக்கைப் பையன்களுக்குக் கைப்பழக்கமாக்கிவிடலாம்.

ரோட்டர் மூடிக்குப் புதுத் திருகுகள் போட்டோம். உருண்ட தலையோடு வந்த கவர் போல்ட்டையும் மாற்றினோம். கவர் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட்டாக மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆலன் தலை வழுக்குவது குறைவு என்பது உண்மை. அந்த நம்பிக்கையில் அதை அளவுக்கு மீறி இறுக்கி, அலுமினிய மரையையே பிடுங்கிக்கொண்டு வந்த கவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போல்ட்டின் தலை கெட்டால் போல்ட்டை மாற்றலாம். கேஸின் மரை போனால் மறுபடி ஹெலிகாயில். ஆகவே கம்பெனி வகையையே போட்டோம்.

வழிகாட்டித் தகடு மாட்டப் பயன்பட்ட பழைய ஸ்டட்டும் பாதி துருப்பிடித்திருந்தது. அதைச் சூடுகாட்டி இரட்டை நட்டுப் போட்டுக் கழற்றியபோது மறுப்பில்லாமல் வந்தது. உள்ளே அலுமினிய மரை முழுதாக இருந்ததால், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று அதிலும் ஹெலிகாயில் போடும் எண்ணத்தைக் கைவிட்டு, டேப் விட்டுச் சுத்தம் செய்து புது ஸ்டட்டை மட்டும் போட்டோம். நல்ல மரையைத் துளைத்து எறிந்தால் திரும்பக் கிடைக்காது. என்றாவது அது கெட்டால் அன்று ஹெலிகாயிலுக்கு அங்கே இடம் இருக்கும்.

ஸ்டார்ட் செய்து எஞ்சின் நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை ஒருமுறை சரிபார்த்தோம். வளையம் அமுங்கியதால் இரண்டுமே ஓர் இம்மி இறுக்கம் ஏற்றன. முதல் ஆயில் மாற்றத்துக்கு அவர் வந்தபோது ஃபிளாஞ்சைச் சுற்றிக் கரிக்கோடு எதுவும் இல்லை, வெடிச்சத்தமும் இல்லை. யூரியா மூட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஏற்றும்படியும், உரம் கொண்டுபோன நாளில் எஞ்சினின் முன்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடும்படியும் சொன்னோம். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அந்த இரண்டு நட்டுகளையும் கழற்றி, பசை தடவி மறுபடி பூட்ட வேண்டும் என்று அவருடைய சர்வீஸ் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.